பூவணிக்குறிச்சிக் கைதட்டல்

எங்கள் ஊர்ப் பெண்களின் கைதட்டல் ஒரு வைகாசி மாதத்தில் சத்தமில்லாமல் போய், ஆடி வரைக்கும் எங்கள் கைக்குள்ளேயே குடியிருந்து, பிறகு போக வேண்டிய இடத்துக்குத் தானாகப் போய்ச் சேர்ந்தது. பீடித்தூள் ஏறிக் கை மரத்துவிட்டது என்று சொன்னவர்கள் உண்டு, அம்மனுக்குக் கொடை கொடுக்காத குறை என்றவர்கள் உண்டு, மண்டபத்துக் கூரையில் கோளாறு என்றவர்களும் உண்டு. அது எதனால் வந்தது என்று எங்களுக்குத் தெரியாது. வந்ததை வைத்துக்கொண்டு நாங்கள் என்ன செய்தோம் என்பது தெரியும். அதைச் சொல்கிறேன்.

பூவணிக்குறிச்சிக்குக் கிழக்கே நாலுவழிச் சாலை. சாலைக்கு அந்தப் பக்கம் வள்ளல் அனஞ்சபெருமாள் பல்கலைக்கழகம். இந்தப் பக்கம் நாங்கள், மடியில் பீடித் தட்டோடு. வருசா வருசம் அது தொடங்கின நாளைப் பெரிய விழாவாகக் கொண்டாடுவார்கள். குத்துவிளக்கு ஏற்றி, வள்ளல் படத்துக்கு ஆளுயர மாலை போட்டு, அந்த வருசம் முதலாவதாக வந்த பிள்ளைகளை ஒவ்வொருவராகப் பேர் சொல்லி மேடைக்குக் கூப்பிட்டு, கழுத்தில் தங்கப் பதக்கம் போட்டு, அவர்கள் பேரை மண்டபத்து வாசல் பளிங்குக் கல்லில் வெட்டிவைப்பார்கள். மண்டபமோ கடல் மாதிரிக் கிடக்கும். பிள்ளைகள் பாதிப் பேர் லீவில் ஊருக்குப் போயிருப்பார்கள், மீதிப் பேர் வள்ளல் புகழ் கேட்டுக் கேட்டுச் சலித்துப்போய் வரமாட்டார்கள். நாற்காலி காலியாக இருந்தால் வந்திருக்கிற பெரிய மனுசருக்கு மரியாதை இல்லையே. அதற்குத்தான் லிங்கதுரை அண்ணாச்சி.

அண்ணாச்சி பந்தல்காரர். நாற்காலி வாடகைக்கு விடுவார். நாற்காலியில் உட்கார ஆளும் அவரே கொண்டுவருவார். விழாவுக்கு முந்தின நாள் எங்கள் தெருவில் வந்து பிரியாணி டோக்கனைக் கொடுத்துவிட்டுச் சொல்லுவார்.

"பளிச்சுன்னு சேலை கட்டிட்டு வாங்க. பிள்ளையத் தூக்கிட்டு வரலாம், அழவிடக் கூடாது. நான் துண்டத் தூக்குனாத் தட்டணும், தோள்ல போட்டா நிறுத்தணும். அம்புட்டுதான் வேலை."

"அங்கன என்ன பேசுதாவன்னு வெளங்கலியே அண்ணாச்சி" என்று மைதீன்பாத்து அக்கா கேட்பாள். எங்கள் தெருவிலேயே வாய் உள்ளவள் அவள்தான்.

"வெளங்குனா நீ ஏன் தாயி தட்டப்போற?"

இப்படித்தான் நாங்கள் வருசா வருசம் யாருக்கு என்று தெரியாமலே தட்டிவிட்டு, பொட்டலத்தை வாங்கிக்கொண்டு வந்தோம். அந்த வருசம் மட்டும் யாருக்கு என்று தெரிந்தே பஸ் ஏறினோம். என் தங்கச்சி பிரமசக்தி வேதியியலில் எம்.எஸ்ஸி. படித்து, பல்கலைக்கழகத்திலேயே முதலாவதாக வந்திருந்தாள். அம்மாவும் அப்பாவும் அடுத்தடுத்துப் போனபிறகு நான் பள்ளிக்கூடத்தை விட்டுத் தட்டை மடியில் வைத்தேன், அவள் புத்தகத்தை வைத்தாள். நான் இலை வெட்டும்போது அவள் பக்கத்தில் உட்கார்ந்து சத்தம்போட்டுப் படிப்பாள். எனக்குக் கூச்சம் அதிகம், கடைக்குப் போனால்கூட என்ன வேண்டும் என்று சொல்ல நாக்கு எழாது, அவள்தான் சொல்லுவாள். கல்யாணமாகி என் வீட்டுக்காரர் கேரளாவில் பேக்கரி வேலைக்குப் போய், மகள் தர்ஷிகா பிறந்தபிறகும் நான் அப்படியேதான் இருந்தேன். அன்றைக்குப் பஸ்ஸில் பெண்கள் எல்லாரும் என்னைக் கேலி செய்தார்கள். "முப்பிடாதி, ஒன் தங்கச்சிக்குத் தட்டுற தட்டுல மண்டபத்து ஓடு பறக்கணும்டி." எனக்கு வெட்கமாகவும் இருந்தது, ஆசையாகவும் இருந்தது.

விளக்கு ஏற்றினார்கள். அண்ணாச்சி துண்டைத் தூக்கினார். நாங்கள் தட்டினோம். சத்தம் வரவில்லை.

பஞ்சு மேல் பஞ்சு விழுந்தது மாதிரி இருந்தது. கை கையோடு சேருகிறது, உள்ளங்கை சுடுகிறது, வளையல்கூடக் குலுங்குகிறது, தட்டுகிற சத்தம் மட்டும் இல்லை. முன்வரிசைக்காரி பின்வரிசைக்காரியைப் பார்த்தாள், பின்வரிசைக்காரி தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அண்ணாச்சி எங்கள் ஓரமாக வந்து பல்லைக் கடித்தார்.

"என்னட்டீ, சோறு திங்கும் முன்ன கை எழலியோ?"

"தட்டிக்கிட்டுதான் இருக்கோம் அண்ணாச்சி, கண்ணு அவிஞ்சா போச்சு?" என்றாள் மைதீன்பாத்து அக்கா, தட்டிக்கொண்டே.

மைக்கில் பேசினவர் "பலத்த கரவொலிக்கிடையே" என்று சொல்லும்போதெல்லாம் மின்விசிறிச் சத்தம்தான் கேட்டது. துணைவேந்தர் பேசினார், வள்ளலின் மகன் பேசினார், டில்லியிலிருந்து வந்தவர் பேசினார், துண்டு ஏறியது, துண்டு இறங்கியது, நாங்கள் கருத்தாகத்தான் தட்டினோம், ஒரு பொட்டுச் சத்தம் இல்லை. பதக்கத்துக்குப் பேர் கூப்பிட ஆரம்பித்தார்கள். தமிழ் வந்தது, கணக்கு வந்தது, வேதியியல் வந்தது. நான் பிள்ளையை இடுப்பில் ஏற்றிக்கொண்டு எழுந்தே நின்றுவிட்டேன். ஜெபசிங் என்று ஒரு பையனைக் கூப்பிட்டார்கள். அவன் கழுத்து உடைந்த கோழி மாதிரித் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு வந்து, பதக்கத்தை வாங்கிக்கொண்டு, எங்கள் பக்கம் பார்க்காமலே இறங்கிப் போனான். அடுத்து இயற்பியலுக்குப் போய்விட்டார்கள்.

பஸ்ஸில் யாரும் பொட்டலத்தைப் பிரிக்கவில்லை.

வீட்டுக்கு வந்தால் பிரமசக்தி என் தட்டை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு பீடி சுற்றிக்கொண்டிருந்தாள். பழக்கம் விட்டுப்போன கை, எல்லாம் வயிறு பெருத்த பீடியாக வந்திருந்தது.

"நீ ஏன்ட்டீ வரல? ஒன் பேர ஏன் கூப்பிடல?"

"கூப்பிட மாட்டாங்கன்னு தெரியும்க்கா. முன்னாலயே சொல்லியிருந்தா நீ பஸ் ஏறியிருக்க மாட்ட, பிரியாணி போயிருக்கும்லா."

பிறகு சொன்னாள். கோடையில் பெண்கள் விடுதியில் தண்ணீர் வராமல், குளிக்கவும் வழியில்லாமல், கக்கூஸ் போகவும் வழியில்லாமல் பிள்ளைகள் தவித்திருக்கிறார்கள். நிறுவனர் சிலையைச் சுற்றிப் புல்லுக்கு மட்டும் காலையும் மாலையும் தண்ணீர் பீய்ச்சியிருக்கிறார்கள். இவள் முன்னால் நின்று எல்லாப் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு, காலி வாளிகளோடு ஆபீஸ் வாசலில் போய் உட்கார்ந்திருக்கிறாள். தண்ணீர் வந்துவிட்டது. அதற்கப்புறம் பதிவாளர் கூப்பிட்டு, நிர்வாகத்தைப் பற்றிப் பொய் பரப்பியதற்கு மன்னிப்பு எழுதிக் கொடுத்தால்தான் பதக்கம், இல்லாவிட்டால் அடுத்த ஆளுக்கு என்று சொல்லியிருக்கிறார்.

"எழுதிக் குடுத்தா என்ன?" என்றேன்.

"தண்ணி இல்லன்னு சொன்னதுக்கு மன்னிப்புக் கேட்டா, தண்ணி இருந்ததுன்னு ஆயிரும்லா அக்கா?"

அவள் கண்ணில் தண்ணீர் இல்லை. என் கண்ணில்தான் இருந்தது. அந்த நேரம் பார்த்துத் தர்ஷிகா சிணுங்கினாள். மடியில் குப்புறப் போட்டு முதுகில் தட்டிக் கொடுத்தேன்.

ஒரு மண்டபமே கைதட்டியது.

ஓட்டுக் கூரையில் கோடைமழை சோவென்று இறங்குமே, அப்படி. நான் பதறிக் கையை எடுத்தேன், நின்றது. பிள்ளை அழுதாள். மறுபடி ஒரு தட்டு, மறுபடியும் சோவென்று கைதட்டல், முன்வரிசை தனியாகக் கேட்டது, பின்வரிசை தனியாகக் கேட்டது, எங்கள் வளையல்களின் குலுங்கல்கூட அதற்குள் கேட்டது. தெருவே வாசலுக்கு வந்துவிட்டது. நான் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டேன். பிள்ளை அழுகையை நிறுத்தி, பெரிய மனுசி மாதிரி நாலு பக்கமும் பார்த்துவிட்டு, அப்படியே கண்ணயர்ந்தாள். பிரமசக்தி அன்றைக்கு முதல்தடவையாகச் சிரித்தாள். சிரிக்கும்போதுதான் அவளுக்கும் கண்ணில் தண்ணீர் வந்தது.

அதற்குள் கீழவீட்டில் உலகம்மாள் மதினி கொசு அடித்திருக்கிறாள், அங்கே ஒரு கைதட்டல். மைதீன்பாத்து அக்கா கைத்தூளைத் தட்டியிருக்கிறாள், அங்கே ஒன்று. மண்டபத்தில் வராத சத்தமெல்லாம் எங்களோடு பஸ் ஏறி வந்து எங்கள் கைக்குள் உட்கார்ந்திருந்தது.

முதல் இரண்டு மூன்று நாள் ஊர் தூங்கவில்லை, அப்புறம் பழகிவிட்டது. எதுதான் பழகாது? நாலுவழிச் சாலை வந்தபோது லாரிச் சத்தம் பழகவில்லையா. வேணி வீட்டில் சப்பாத்தி தட்டினால் கைதட்டல், துறையில் துணி அடித்தால் கைதட்டல், காக்கா விரட்டினால் காக்காவுக்குக் கைதட்டல், அந்தக் காக்கா கொஞ்சம் நிமிர்ந்து உட்கார்ந்து பார்த்துவிட்டுத்தான் போகும். குட்டையில் கிடக்கிற எருமையை வீட்டுக்குப் பத்தும்போது முதுகில் ஒரு தட்டுத் தட்டினால், அது ஜெயித்து வந்த மாடு மாதிரித் தெருவில் நடக்கும். பஸ் கண்டக்டர், எங்கள் ஊர் நிறுத்தத்தில் யாராவது பஸ்ஸைத் தட்டி நிறுத்தினால், இறங்கி வணக்கம் சொல்லிவிட்டு டிக்கெட் கொடுத்தார்.

பீடிக்கடைக்காரர் நல்லசிவம் இருக்கிறாரே, நல்ல பீடியையும் கழிச்சல் என்று ஒதுக்கித் தள்ளுகிறவர், அவர் முன்னால் தட்டை வைத்துவிட்டு எங்களில் ஒருத்தி வழக்கம்போல் கையைத் தட்டித் தூளை உதறினாள். அவ்வளவு பெரிய கைதட்டலை அந்த மனுசன் வாழ்நாளில் கேட்டதில்லை. எழுந்து நின்றார், சட்டைப் பொத்தானைப் போட்டார், ஒரு பீடியைக்கூடக் கழிக்காமல் வாங்கிக்கொண்டார். அன்றிலிருந்து அவர் கடைக்குப் போனால் நாங்கள் முதலில் தூளைத்தான் உதறுவோம்.

வார்டு கவுன்சிலர் சாக்கடை கட்டித் தருவதாக மூன்றாவது வருசமாகப் பேசிக்கொண்டிருந்தபோது கொசுக் கடித்தது. நாங்கள் அடித்தோம். அவர் நெஞ்சு விம்மி, குரல் தழுதழுத்து, அந்த வாரமே ஜல்லி கொண்டுவந்து இறக்கிவிட்டார்.

உலகம்மாள் மதினியின் வீட்டுக்காரர் குடித்துவிட்டு வந்து கை ஓங்குகிறவர். ஒருநாள் பட்டப்பகலில் ஓங்கியபோது மதினி பயத்தில் அவர் நெஞ்சில் இரண்டு கையாலும் அடித்துத் தள்ளினாள். தள்ளினதுதான் தாமதம், அப்படி ஒரு கைதட்டல் எழும்பியது. தெரு முழுக்க வாசலில் வந்து நின்று பார்த்தது. அவர் ஓங்கின கையை என்ன செய்வதென்று தெரியாமல் தலையைச் சொறிந்தார். மதினி தன் கையைத் தானே பார்த்தாள். அப்புறம் அவர் வாசலில் நின்று, "உலகு, உள்ள வரலாமா?" என்று கேட்டுத்தான் வீட்டுக்குள் நுழைந்தார்.

எனக்குத்தான் பெரிய பாடு. தர்ஷிகா கைதட்டல் இல்லாமல் தூங்கமாட்டாள். ஒவ்வொரு தடவை தட்டிக் கொடுக்கும்போதும், நான் என்னமோ பெரிதாகச் சாதித்துவிட்ட மாதிரி ஒரு மண்டபமே ஆர்ப்பரிக்கும். எனக்கு உடம்பு கூசும். நாள் போகப்போக, ஆரவாரம் ஓய்ந்தபிறகு, அது பிள்ளைக்கா எனக்கா என்று ஒரு யோசனை வர ஆரம்பித்தது. கடைக்குப் போய் என்ன வேண்டும் என்று நானே சொன்னேன்.

ஆடி பிறந்த பிறகு ஒருநாள் மத்தியானம், பல்கலைக்கழகக் கார் தெருவுக்குள் நுழைய முடியாமல் முக்கில் நின்றது. பதிவாளர் இறங்கி வந்தார், அண்ணாச்சி அவருக்குக் குடை பிடித்துக்கொண்டு வந்தார். சங்கதி என்னவென்றால், பல்கலைக்கழகத்துக்குத் தரம் போடுகிற குழு ஒன்று வரப்போகிறது. விழாப் படத்தைப் போட்டுப் பார்த்தால், எல்லாரும் கையை ஆட்டுகிறார்கள், சத்தமில்லை, எழவு வீட்டில் எடுத்த படம் மாதிரி இருக்கிறது. வேறு கைதட்டலைக் கொண்டுவந்து ஒட்டிப் பார்த்தார்களாம். ஒட்டினாலும் உதிர்ந்துவிடுகிறதாம். அதனால் குழுவின் முன்னாலேயே விழாவை மறுபடி நடத்தப்போகிறார்கள், விளக்கிலிருந்து பதக்கம் வரை.

"நீங்க எடுத்துட்டு வந்தது நிறுவனத்தோட கைதட்டல்மா" என்றார் பதிவாளர், பொறுமையாக, சின்னப் பிள்ளைகளுக்குச் சொல்லுகிற மாதிரி. "எங்க விழாவுல, எங்க சாப்பாட்டுக்குத் தட்டினது. அதை மண்டபத்துல ஒப்படைச்சிடணும்."

"சாப்பாட்டுக்குத் தட்டுனோம், தட்டியாச்சு சார்" என்றாள் மைதீன்பாத்து அக்கா. "சத்தம் எங்க கூட வந்ததுன்னா, அங்க இருக்கப் பிடிக்காம வந்திருக்கும். வந்த மருமவள வெளிய தள்ளுவாளா யாரும்?"

பதிவாளர் அவளை விட்டுவிட்டுப் பிரமசக்தி பக்கம் திரும்பினார். "இந்தாம்மா, உனக்கும் நல்லதுதான் சொல்றேன். ரெண்டு வரி எழுதிக் கொடு. பதக்கத்த அந்தப் பையன்கிட்ட இருந்து வாங்கி உனக்கே போட்டுரலாம். கல்லுலயும் உன் பேரு. அந்தக் கல்லு உன் பேரன் பேத்தி காலத்துக்கும் நிக்கும்."

எனக்கு ஆசை வந்துவிட்டது. பொய் சொல்வானேன். அம்மா அப்பா பேர் எதிலும் எழுதப்படாத குடும்பம், ரேசன் கார்டைத் தவிர. பளிங்குக் கல்லில் எங்கள் பிள்ளை பேர். "எழுதிக் குடுத்துரேன்ட்டீ" என்று அவள் காதில் சொன்னேன்.

"நீன்னா எழுதுவியாக்கா?"

நான் யோசித்தேன். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். எனக்கு நாக்கு எழவில்லை, ஆனால் தலை ஆடியது, மாட்டேன் என்று ஆடியது. அது எனக்கே ஆச்சரியம்.

"அப்பொறம் என்ன" என்று சொல்லிவிட்டு அவள் இலையை எடுத்து வெட்ட ஆரம்பித்தாள்.

பதிவாளர் போனபிறகு குழாயடியில் கூடினோம். போகவேண்டாம் என்றவர்கள் அதிகம். மைதீன்பாத்து அக்காதான், "போகலன்னா பயந்துட்டாளுவன்னு நெனைப்பான். போவோம். பளிச்சுன்னு கட்டிட்டுப் போயி, மடியில கைய வச்சிட்டு உக்காருவோம். துண்டு எம்புட்டு நேரந்தான் ஏறி எறங்கும்னு பாப்போம்" என்றாள். அதுதான் சரி என்று பட்டது எல்லாருக்கும்.

கையில் இருந்தால்தானே கொடுக்கமாட்டோம் என்று உட்கார முடியும், அதனால் அந்த நாள் வரும்வரைக்கும் ஒருத்தியும் கைதட்டலை வீணாக்கவில்லை. துணியைக் கல்லில் அடிக்காமல் கசக்கினோம். கொசுவுக்கு உடம்பைக் கொடுத்தோம், அது எங்கள் தெருவில் கொழுத்துத் திரிந்தது. எருமையை வாயால் கூப்பிட்டோம். நல்லசிவம் கடையில் தூளை உதறாமல் சேலையில் துடைத்தோம். அவர் முகம் வாடிப்போய் மறுபடி கழிச்சல் எடுக்க ஆரம்பித்தார், அதையும் பொறுத்தோம். தர்ஷிகாவைத் தொட்டிலில் போட்டு ஆட்டி ஆட்டி எனக்குத் தோள் இறங்கிவிட்டது. உள்ளங்கையெல்லாம் கனத்தது, பால் கட்டின மார்பு மாதிரி.

விழா அன்றைக்கு முன்வரிசையில் தரம் போடுகிற குழு உட்கார்ந்திருந்தது, ஆளுக்கொரு பொன்னாடையோடு. விளக்கை அணைத்து வைத்திருந்து மறுபடி ஏற்றினார்கள். அண்ணாச்சி துண்டைத் தூக்கினார். நாங்கள் மடியில் கையை வைத்துக்கொண்டு, பெண் பார்க்க வந்தவர்கள் முன்னால் உட்கார்ந்தது மாதிரி உட்கார்ந்திருந்தோம். துண்டை இறக்கினார், மறுபடி தூக்கினார், வீசினார், சுழற்றினார், கல்லெறிந்து காக்கா விரட்டுகிறவர் மாதிரி வியர்த்துப்போனார். "தாயி, என் பொழப்புல மண்ணு போடாதிய" என்று கும்பிட்டார். அவரைப் பார்க்கப் பாவமாகத்தான் இருந்தது. கை அசையவில்லை.

அப்போது என் பிள்ளை அழ ஆரம்பித்தாள்.

சின்ன அழுகை இல்லை. பல நாள் தூங்காத பிள்ளையின் அழுகை. மண்டபம் முழுக்க எதிரொலித்தது. துணைவேந்தர் பேச்சை நிறுத்தினார். குழு திரும்பிப் பார்த்தது. எத்தனை கண்கள் என் மேல், நான் அப்படியே நாற்காலிக்கு அடியில் போய்விடலாம் போல இருந்தது. பதிவாளர் வேகமாக என்னிடம் வந்து குனிந்தார். அவர் முகத்தில் அவ்வளவு பாசம்.

"தட்டிக் கொடும்மா" என்றார் மெதுவாக. "பச்சப்பிள்ள அழுதுல்லா. முதுகுல தட்டிக் கொடு."

அவருக்குத் தெரிந்திருந்தது. என் ஒரு கை போதும், ஒரு மண்டபம் நிறையும். என் கை என்னைக் கேட்காமலே பிள்ளை முதுகுக்குப் போனது. தொடுகிற தூரத்தில் நின்றது. பிள்ளை என் முகத்தைப் பார்த்துக் கேவினாள். என் கைக்குள் அது முட்டியது, அவுத்துவிடு அவுத்துவிடு என்று. நான் கையை மூடினேன். மூடின கையோடு எழுந்தேன். என் வாழ்நாளில் அவ்வளவு பேர் பார்க்க நான் எழுந்து நின்றது அந்த மண்டபத்தில்தான், அதுவும் இரண்டாவது தடவை.

"பிள்ளைக்கு இங்கன ஒறக்கம் வராது சார்" என்றேன்.

சொல்லிவிட்டு நடந்தேன். பின்னால் நாற்காலி இழுபடுகிற சத்தம் கேட்டது. திரும்பிப் பார்க்கவில்லை. அது ஒன்றாகவும் பத்தாகவும் வரிசை வரிசையாகவும் கேட்டது.

வாசலில் பளிங்குக் கல்லுக்கு எதிரே, வெயிலில், பிரமசக்தி நின்றுகொண்டிருந்தாள். உள்ளே விடமாட்டார்கள் என்று தெரிந்தே பஸ்ஸில் எங்களோடு வந்தவள். கல்லில் அந்த வருசத்து இடம் வெறுமையாக இருந்தது, இனிமேல்தான் வெட்ட வேண்டும். பெண்கள் எல்லாரும் வந்து சுற்றி நின்றார்கள். கையைத் தூக்கினார்கள். யாரும் தட்டவில்லை.

"என்ன பாத்துட்டு நிக்கிய?" என்றாள் உலகம்மாள் மதினி.

"பேரு கூப்பிடணும்லா மதினி" என்றாள் வேணி. "பேரு கூப்பிடாம எப்பிடித் தட்ட?"

மைதீன்பாத்து அக்கா வாயைத் திறந்தாள், பிறகு மூடிக்கொண்டு என்னைப் பார்த்தாள். "நீ கூப்பிடு முப்பிடாதி. நீ வளத்த பிள்ளதான."

மேடையில் அவர்கள் கூப்பிட்டது ஞாபகம் இருந்தது, தகப்பன் பேர், ஊர், படிப்பு என்று. பிள்ளையை இடுப்பில் ஏற்றினேன். தொண்டையில் இத்தனை வருசமாகக் கிடந்ததெல்லாம் ஒன்றாக மேலே வந்தது.

"பீடி சுத்துன பிச்சம்மாளுக்கும் கல்லுடைச்ச மாடசாமிக்கும் பிறந்தவ. பூவணிக்குறிச்சி மேலத்தெரு. வாளி தூக்கிட்டுப் போயித் தண்ணி கேட்டவ. வேதியியல்ல பல்கலைக்கழகத்துக்கே மொதலாவது. பிரமசக்தீ!"

நாங்கள் தட்டினோம்.

அது எப்படி இருந்தது என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. இத்தனை வருசமாக யாருக்கோ தட்டினதெல்லாம், விளக்குக்குத் தட்டினதும் துண்டுக்குத் தட்டினதும், ஒன்றும் விளங்காமல் தட்டினதும், எல்லாம் சேர்ந்து வந்தது மாதிரி இருந்தது. மரத்திலிருந்த புறாக்கள் எழும்பிப் போய்விட்டன. நாலுவழிச் சாலையில் லாரிகள் நின்று டிரைவர்கள் இறங்கி யாருக்கு என்று கேட்டார்கள், கேட்டுவிட்டு அவர்களும் தட்டினார்கள். விடுதி மொட்டை மாடியில் பிள்ளைகள் வாளியைக் கவிழ்த்துப்போட்டு அடித்தார்கள். பிரமசக்தி முதலில் தலையைக் குனிந்தாள், பிறகு நிமிர்ந்தாள், பிறகு குனியவே இல்லை. மண்டபத்துக்குள்ளிருந்து குழுக்காரர்கள் ஒவ்வொருவராக வெளியே வந்து, பொன்னாடையைக் கையில் சுருட்டிக்கொண்டு நின்று பார்த்தார்கள்.

ஜெபசிங்கும் வந்தான். ஓரமாக நின்று அவனும் தட்டினான். அவன் கைச்சத்தம் சாதாரணமாக, சின்னதாக, ஒரு ஆள் தட்டுகிற மாதிரிதான் இருந்தது. பதக்கத்தைக் கழற்றி நீட்டினான். பிரமசக்தி அதை வாங்கிப் பார்த்தாள், வெயிலில் திருப்பிப் பார்த்தாள், மறுபடி அவன் கழுத்திலேயே போட்டுவிட்டாள்.

"நீயும் படிச்சுதானல எழுதுன. தண்ணி இல்லாத வருசத்துல ரெண்டாவது வாரதும் லேசு இல்ல. வச்சுக்கோ."

எங்கள் கைதட்டல் தீருகிற வரைக்கும் தட்டினோம். கடைசியில் உள்ளங்கை லேசாகிவிட்டது. நடந்தே வீடு வந்தோம். பஸ் எங்களுக்கு இல்லை என்று அண்ணாச்சி சொல்லிவிட்டார். பொட்டலமும் இல்லை.

கல்லில் ஜெபசிங் பேர்தான் இருக்கிறது, போனால் பார்க்கலாம். தரம் போட்ட குழு என்ன தரம் போட்டது என்று எங்களுக்கு யாரும் சொல்லவில்லை. விடுதியில் இப்போது தண்ணீர் வருகிறது. பிரமசக்தி பெங்களூரில் மேல்படிப்புக்குப் போயிருக்கிறாள், பதக்கம் கேட்காத இடம் அது, மார்க்கை மட்டும் பார்த்துச் சேர்த்துக்கொண்டார்கள். உலகம்மாள் மதினி வீட்டுக்காரர் இன்றைக்கும் வாசலில் நின்று கேட்டுவிட்டுத்தான் உள்ளே வருகிறார். நல்லசிவம்தான் பழையபடி ஆகிவிட்டார்.

நடந்தே வீடு வந்த அன்று சாயங்காலம் தர்ஷிகாவை மடியில் போட்டுத் தட்டினேன். தொப் தொப் என்று வெறும் கைச்சத்தம். அவள் கண்ணைத் திறந்து நாலு பக்கமும் தேடினாள். கூட்டத்தைக் காணோம். உதடு பிதுங்கியது. எனக்கு என்ன செய்வதென்று தெரியாமல், மண்டபத்து வாசலில் கூப்பிட்டது மாதிரியே, ஆனால் மெதுவாக, பேரைக் கூப்பிட ஆரம்பித்தேன். பிரமசக்தி. மைதீன்பாத்து. உலகம்மாள். வேணி. பிச்சம்மாள். தெருவில் இருக்கிறவர்கள், இல்லாமல் போனவர்கள், ஒவ்வொருவரும் இன்னார் மகள், இன்ன வேலை செய்தவள் என்று. ஒவ்வொரு பேருக்கும் ஒரு தட்டு. கடைசியில் என் பேரையும் சொல்லிப் பார்த்தேன். அதற்குள் தூங்கிவிட்டாள்.

அடுத்த வைகாசியில் லிங்கதுரை அண்ணாச்சி டோக்கனோடு வந்து தெருமுக்கில் நின்றார். ஒன்றும் நடக்காதது மாதிரி, "பளிச்சுன்னு சேலை கட்டிட்டு வாங்க தாயி" என்றார். மைதீன்பாத்து அக்கா கடைக்குப் போயிருந்தாள். வேறு யாரும் வெளியே இல்லை. நான்தான் பிள்ளையோடு வாசலில் நின்றேன்.

"யாரு யாரு பேரக் கூப்பிடப் போறிய அண்ணாச்சி?" என்றேன். "மொதல்ல அதச் சொல்லுங்க. கைய அப்பொறம் பாப்போம்."